நாலாம் பாகத்துக் காவல்காரன்

போன மாதம் பரண்மேல் இருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினேன். திறந்ததும் சைக்கிள் டியூப் வாசனை அடித்தது. டிவியில் மாட்டி ஆடுகிற விளையாட்டுப் பெட்டிக்கும் சைக்கிள் டியூபுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பழைய கன்ட்ரோலரில் கட்டைவிரலால் தள்ளுகிற குமிழின் ரப்பர் தேய்ந்துபோய், பஞ்சர் கடையில் கிடந்த டியூபில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி நான்தான் ஒட்டினேன். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் பசை விடவில்லை. நான் செய்த வேலைகளில் இத்தனை நாள் தாங்கியது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பெட்டியை ஏன் இறக்கினேன் என்பதற்கு நாலாம் பாகத்தைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் அக்காவைச் சொல்ல வேண்டும். என் பேச்சே இப்படித்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பத்தாவது இங்கிலீஷ் பரீட்சைக்குத் தொண்டூரில் இருந்து பஸ் ஏறி, செஞ்சியில் இறங்கி, அடுத்த பஸ்ஸிலேயே வீட்டுக்குத் திரும்பி வந்தவன். அன்று காலை சட்டைப்பையில் ஹால் டிக்கெட் இருக்கிறதா என்று எத்தனை தடவை தொட்டுப் பார்த்தேனோ தெரியாது. ஒவ்வொரு தடவையும் அது இருந்தது. கடைசியில் ஹாலில் நான்தான் இல்லை. நைனா திட்டவில்லை. வேர்க்கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "சரி உடு. சாப்டியா?" என்றார். அவ்வளவுதான் என் படிப்பு.

பிறகு செஞ்சி கடைத்தெருவில் ஒரு மொபைல் சர்வீஸ் கடையில் சேர்ந்தேன். முதலாளியை எல்லோரும் பாய் என்போம். யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு வராமலே போன விளையாட்டுப் பெட்டி ஒன்று அங்கே வருஷக்கணக்கில் கிடந்தது. மத்தியான நேரங்களில் அதைப் பிரித்துப் பிரித்து ஒருநாள் ஓடவைத்துவிட்டேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பாய் தலையில் அடித்துக்கொண்டார். "எடுத்துக்கினு போயிடுப்பா. இது இங்க இருந்தா நீ ஒரு போனும் பாக்கமாட்ட."

அதோடு வந்த மூன்று டிஸ்க்கும் ஒரே ஆட்டத்தின் மூன்று பாகங்கள். இங்கிலீஷ் பேரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். நாங்கள் வைத்த பேர் ஏழுவாசல். ஏழு வாசல் வைத்த ஒரு கோட்டை, சுற்றிக் காடு, ஊர்கள், பூதங்கள். நாம் ஒரு ஆளாக அதற்குள் போய், ஊராரோடு பேசி, கேட்டதைச் செய்து, சண்டை போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிய ஆள் ஆக வேண்டும். செஞ்சிக்கோட்டை ராஜகிரி மலையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவனுக்குக் கோட்டை என்ன புதுசு? ஆனால் எங்கள் கோட்டையில் குரங்கு மட்டும்தான் வழிமறிக்கும். அங்கே ஒவ்வொரு வாசலிலும் ஒரு காவல்காரன் நிற்பான். ஏழு வாசலிலும் அதே முகம், அதே கோணல் தொப்பி. ஒரே ஆளைத்தான் ஏழு இடத்தில் நிறுத்திவிட்டார்கள் என்று இப்போது தெரிகிறது. அப்போது அக்கா, "நமக்கு முன்னாடி ஓடி வந்து நிக்கறான்டா, பாவம்" என்றாள். நம்பினேன்.

செல்வி அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். திண்டிவனத்துக்கு பஸ்ஸில் போய்க் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கை என்னுடையது, வாய் அவளுடையது. திரையில் இங்கிலீஷில் வருவதை அவள் எங்கள் ஊர்ப் பேச்சில் படித்துச் சொல்வாள். மருந்து விற்கிற கடைக்காரி அவலூர்பேட்டைச் சந்தை மாட்டுத் தரகர் மாதிரி துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேரம் பேசுவாள். ராஜா பேசினால் தொண்டை கட்டியிருக்கும். நான் எழுத்துப் பக்கமே திரும்ப மாட்டேன். என் கண் எல்லாம் ஸ்டெபிலைசர் முள்ளின்மேல்.

அந்த முள்ளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்போதெல்லாம் கரண்ட் எப்போது போகும் என்று நேரம் போட்டிருந்தார்கள். அந்த நேரத்தைக் கரண்ட் மதிக்காது. முள் லேசாகத் துடித்தாலே எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். ஆடியதை சேவ் செய்ய அந்த ஆட்டத்தில் ஒரே வழிதான்: காவல்காரனிடம் போய்ப் பேச வேண்டும். நான் பத்தடி போவேன், பயம் வரும், திரும்பி வாசலுக்கு ஓடுவேன். ஒரு மத்தியானத்தில் முப்பது நாற்பது தடவை. காயத்துக்குக் குடிக்கிற மருந்துக்குப்பிகள் தொண்ணூற்றொன்பது சேர்த்து வைத்திருந்தேன். கடைசிச் சண்டைக்கு வேண்டுமே. கடைசிச் சண்டை வந்தபோது, இதைவிடப் பெரியது பின்னால் வந்தால் என்ன செய்வது என்று ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. சிரிக்காதீர்கள். என் கடை டிராயரில் இன்றைக்கும் உபயோகிக்காத ஸ்க்ரூ டப்பா நாலு இருக்கிறது.

ஆனால் காவல்காரன் சலித்துக்கொண்டதே இல்லை. ஒவ்வொரு தடவையும் புதுசாக ஏதாவது சொல்வான்.

"இன்னாப்பா, இப்பதான போன? அதுக்குள்ள திரும்பிட்ட?"

"ராசா கறி தின்னுக்கினு இருக்கறாரு. எலும்ப கடிச்சி முடிக்கட்டும், உள்ள உடறேன்."

"எங்க ஊட்டு ஆடு ரெண்டு நாளா காணம்பா. செவலை. ஒரு காது மடிஞ்சிருக்கும். வர வழியில பாத்தியா?"

அந்த ஆடு மூன்று பாகம் முழுக்கக் காணாமலே இருந்தது. ஒருதடவை அஞ்சாம் வாசல் பக்கம் கத்தியது என்றான். இன்னொரு தடவை, பொண்டாட்டி அதை வைத்தே தினமும் சண்டைக்கு வருவதாகச் சொன்னான். நான் உண்மையாகவே தேடினேன். சமையல்கட்டில் இருந்து அம்மா, "இன்னும் கெடைக்கலயாடி அந்த ஆடு?" என்று கேட்பாள்.

ஒரு சனிக்கிழமை கடையில் ஒருவருடைய போனைச் சரிபண்ணப் போய், அதில் இருந்த கல்யாணப் போட்டோ எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு போனையே பார்த்தார். இனிமேல் கடைக்குப் போவதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டேன். பஸ் ஏறிப் பாதியில் திரும்பி வருவது எனக்குப் பழக்கம்தானே. மறுநாள் ஞாயிறு, வழக்கம்போல ஆட உட்கார்ந்தோம். நாலாம் வாசலில் சேவ் செய்யப் போனேன். காவல்காரன் அன்றைக்கு மெதுவாகப் பேசினான்.

"என்ன ஏன் இங்க நிக்க வெச்சிருக்கறாங்க தெரியுமா? தைரியசாலிய நிக்க வெச்சா கதவ தொறந்து போட்டுட்டு சண்டைக்குப் போயிடுவான். பயந்தவன்தான்டா கதவ ஒழுங்கா சாத்துவான்."

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். அன்றில் இருந்து எந்தப் போனைத் தொட்டாலும் முதலில் உள்ளே இருப்பதை வேறு இடத்தில் ஏற்றி வைத்துவிட்டுத்தான் ஸ்க்ரூவைக் கழற்றுவேன். பிறகு சொந்தக் கடை போட்டபோது ஜனங்கள் என்னைத் தேடி வந்ததற்குக் காரணமே அதுதான். சாயங்காலம் ஷட்டரை இழுத்துப் பூட்டி, பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கும்போது அந்த வரியை மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். கடல் தாண்டி எங்கேயோ ஆட்டம் எழுதுகிறவனுக்கு என்னைத் தெரிந்திருக்கிறதே என்று நினைப்பேன்.

மூன்றாம் பாகம் முடிந்த வருஷம் அக்காவுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. போனில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்கிற கம்பெனி. அப்புறம் கல்யாணம். ரேஷன் கார்டில் இருந்து அவள் பேரை எடுக்கப் போனது நான்தான். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. வாரம் ஒருதடவை போன் வரும். நைனாவுக்கு பிரஷர் மாத்திரை இருக்கா, நாங்கள் செஞ்சிக்குக் குடிவந்த வாடகை வீட்டில் தண்ணி வருதா. அவ்வளவுதான் பேச்சு.

நாலாம் பாகம் வரும், வரும் என்று வருஷம் போய்க்கொண்டே இருந்தது. இந்த வருஷம் வந்தேவிட்டது. டிஸ்க் இல்லை, அட்டை இல்லை, வாசனை இல்லை. நெட்டில் இருந்து கம்ப்யூட்டரில் இறங்க நாலு நாள் ஆனது.

ஊர் உலகமே அதைத் திட்டுகிறது. காடு பெரிசு, உள்ளே ஒன்றும் இல்லை. இருபது மூலிகை பறித்துக் கொடு, கொடுத்தால் இன்னும் இருபது. போகிற இடத்துக்கு எல்லாம் தரையில் அம்புக்குறி. எனக்கு அதெல்லாம்கூடப் பரவாயில்லை. நான் முதல் வாசலுக்குப் போனேன். கோணல் தொப்பியோடு நின்றான். பக்கத்தில் போனதும் ஒரு வரி வந்தது. இப்போதுதான் போன் கேமராவைக் காட்டினால் தமிழில் சொல்லிவிடுகிறதே, காட்டினேன். "நில். உன் வருகையின் நோக்கத்தைக் கூறு." மறுபடி போனேன். அதே வரி. பத்து தடவை போனேன். சேவ் செய்யக்கூட அவன் தேவையில்லை என்பதைக் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தேன். திரை மூலையில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றுகிறது, ஆட்டம் தானே சேவ் செய்துகொள்கிறது. அவன் சும்மா நிற்கிறான்.

அந்த ஆட்டத்துக்காரர்கள் கூடி எழுதுகிற இடம் ஒன்று நெட்டில் இருக்கிறது. அங்கே நான் தமிழில் எழுதியதைப் போனே இங்கிலீஷ் ஆக்கிக் கொடுத்தது. காவல்காரனை ஏன் ஊமை ஆக்கிவிட்டார்கள், அவனுடைய செவலை ஆடு கிடைத்ததா இல்லையா என்று கேட்டிருந்தேன். ஒருவர் "எந்த ஆடு?" என்று கேட்டார். நிறையப் பேர் சிரித்துவைத்தார்கள். முதல் பாகத்தில் இருந்து அவனுக்கு ஒரே ஒரு வரிதான் என்று இன்னொருவர் பொறுமையாக எழுதியிருந்தார்.

அதனால்தான் பரணில் இருந்து பெட்டியை இறக்கினேன். பழைய டிஸ்க் ஓடியது. ஏழு வாசலுக்கும் போய் ஏழு தடவை போனைக் காட்டினேன். நில். உன் வருகையின் நோக்கத்தைக் கூறு. மூன்று பாகத்திலும் அதே.

கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. டீ ஆறிப்போயிருந்தது, குடித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற வழியில் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். இப்போது கோட்டைக்கு வருகிறவர்கள் எங்கள் தெருவரைக்கும் வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். மாமாவுக்கு இடம் கிடைக்கவில்லை, காரிலேயே சுற்றிக்கொண்டிருந்தார். நைனாவிடம் மாத்திரையைக் கொடுத்துவிட்டு அக்கா என் அறைக்கு வந்தாள். பழைய பெட்டியைத்தான் ஓடவிட்டிருந்தேன்.

"ஐயே, இத இன்னும் வெச்சிருக்கறியா?" என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரே ஒரு வாட்டி படிச்சி சொல்லுக்கா." நாலாம் வாசலுக்குப் போனேன்.

அக்கா கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். "நில்லு. எதுக்கு வந்தன்னு சொல்லு." என்னைப் பார்த்தாள். "அவ்ளோதான்டா."

"இன்னொரு வாட்டி பேசறேன், படி."

"அதேதான்டா வருது. நில்லு, எதுக்கு வந்தன்னு சொல்லு."

"முன்னல்லாம் நெறைய சொல்லுவானே. ஆடு காணம்னு... பயந்தவன்தான் கதவ ஒழுங்கா சாத்துவான்னு..."

"நானா அப்படிலாம் சொன்னேன்? ஞாபகமே இல்லடா. நீயா எதனா நெனச்சிக்கினு இருப்ப." கண்ணாடியைக் கழற்றினாள். "இப்ப என் வேலையே ஸ்கிரீன்ல இருக்கறத அப்படியே படிக்கறாங்களான்னு பாக்கறதுதான். பசங்க கஸ்டமர் கிட்ட ஒரு வார்த்த சேத்துப் பேசனாலும் மார்க் கட் பண்ணிடுவேன்."

வெளியே மாமா ஹாரன் அடித்தார். அக்கா எழுந்தாள். "இதுல சண்ட போட்டுக்கினே இருக்காத, கண்ணு போயிடும்" என்று என் தலையைத் தொட்டுவிட்டுப் போனாள்.

அவள் போனபின் மெமரி கார்டைத் திறந்து பார்த்தேன். கரண்டுக்குப் பயந்து பயந்து நான் சேவ் செய்த ஆட்டம் எல்லாம் வரிசையாக இருக்கிறது. ஒன்றுகூடக் கெடவில்லை. எந்த வாசலில், எவ்வளவு நேரம் ஆடியது, எல்லாம் இருக்கிறது. மருந்துக்குப்பி தொண்ணூற்றொன்பதும் இருக்கிறது. ஒவ்வொன்றையும் சேவ் செய்தபோது பக்கத்தில் உட்கார்ந்து அக்கா என்ன சொன்னாள் என்பது அதில் எங்கேயும் இல்லை. எனக்கே பத்துப் பன்னிரண்டுதான் ஞாபகம் இருக்கிறது. அவளுக்கு அதுவும் இல்லை.