F8 தட்டினால் தமிழ், இன்னொருமுறை தட்டினால் இல்லை

திருகோணமலையில் துறைமுகத்துக்குப் போகிற வீதியில் ஒரு கடையில் பன்னிரண்டு வருடமாகத் தட்டச்சு வேலை செய்கிறேன். போட்டோக் கொப்பி, விண்ணப்பம், முறைப்பாடு, சத்தியக் கடதாசி எல்லாம் எங்களிடம் வரும். இந்த வீதியில் என்னைவிட வேகமாகத் தமிழ் அடிக்கிறவர் ஒருவரும் இல்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. கூச்சப்படுகிறவர்கள் மெதுவாக அடிக்கிறவர்கள்.

என் வேகத்துக்குப் பாதிக் காரணம் விரல். மற்றப் பாதி நானே எழுதி வைத்திருக்கும் விசை மாற்றங்கள். நான் வேர்டில் அடிப்பதில்லை. கேட்காததை எல்லாம் அது திருத்தும். வெறும் எழுத்து மட்டும் இருக்கிற ஒரு எடிட்டரில் அடிப்பேன். எந்த விசையைத் தட்டினால் என்ன வரவேண்டும் என்று அதில் நாமே எழுதலாம். நான் பழகியது பழைய பாமினி எழுத்துருவின் விசை ஒழுங்கு. அதையே யுனிகோட்டுக்குப் பொருத்தி எழுதினேன். m தட்டினால் அ வரும். V தட்டினால் ஏ, X தட்டினால் ஓ. இரண்டு விசையைச் சேர்த்துத் தட்டினால், "மேற்படி விடயத்தைத் தங்களின் மேலான கவனத்திற்குத் தாழ்மையுடன் கொண்டு வருகின்றேன்" என்று முழு வசனமும் விழும். ஒருவரும் அதை வாசிப்பதில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் கடிதம் திரும்பி வரும். அப்படியான வசனத்துக்கு இரண்டு விசையே அதிகம்.

இதெல்லாவற்றையும் F8இல் கட்டி வைத்திருந்தேன். ஒருமுறை தட்டினால் என் மாற்றங்கள் எல்லாம் வேலை செய்யும். இன்னொருமுறை தட்டினால் எல்லாம் படுத்துவிடும், ஆங்கிலம் அடிக்கலாம். லைட் சுவிட்ச் மாதிரி என்று நினைத்திருந்தேன். லைட் என்றால் எரிகிறதா இல்லையா என்று தெரியும். இதில் தெரியாது. அதை நான் யோசிக்கவில்லை.

போன வருடம் ஒருநாள் மதியத்துக்கு முன் இலங்கைத்துறையிலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயது தாண்டியிருக்கும். கரைவலை வைத்திருக்கிறவர். அவருடைய வலையை இழுக்கும் இருபத்தொரு பேரின் பட்டியலை, அடையாள அட்டை இலக்கத்தோடு, அன்று மூன்று மணிக்குள் கடற்றொழில் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அவர்களுடைய பாடு, அதாவது வலை இழுக்கிற கரைத்துண்டு, இந்தப் பருவத்துக்கு வேறு ஆட்களுக்குப் போய்விடும். இருபத்தொரு வீட்டுச் சோறு அந்தத் துண்டில் இருந்தது.

"கடைசி நாளிலதான் வருவியளோ?" என்று கேட்டேன்.

"போன கிழமை முழுக்கக் கடல் நல்லா இருந்தது தங்கச்சி" என்றார்.

அடிக்கத் தொடங்கினேன்.

முதலில் கடிதமும் பெயர்களும். பிறகு F8 தட்டிப் படகு இலக்கத்தை ஆங்கிலத்தில் அடித்தேன். அந்த நேரம் பார்த்து முதலாளி, கொப்பி மெசினுக்கு மை எங்கே என்று கேட்டார். கிண்ணியாக்காரர், நல்ல மனிதர், ஆனால் பன்னிரண்டு வருடமாக அந்த மை ஒரே அலுமாரியில்தான் இருக்கிறது. காட்டிவிட்டு வந்து கதிரையில் இருந்தேன். அடுத்தது அடையாள அட்டை இலக்கம், ஆங்கிலம் வேண்டும், F8ஐத் தட்டினேன். ஏற்கெனவே ஆங்கிலத்தில் இருந்ததை மறந்துபோனேன். தட்டியதும் தமிழுக்குப் போய்விட்டது. இலக்கங்கள் இரண்டிலும் ஒரே மாதிரித்தான் வரும். நான் திரையைப் பார்த்து அடிப்பதில்லை, ஆட்கள் கொண்டுவருகிற கையெழுத்துக் கொப்பியைப் பார்த்துத்தான் அடிப்பேன். அது என் பெருமை. அச்சடித்துக் கொடுத்து அனுப்பினேன். அவரிடம் கண்ணாடி இல்லை, அவரும் பார்க்கவில்லை.

இரண்டேகாலுக்குத் திரும்பி வந்தார். முகம் கறுத்துப்போய் இருந்தது.

"கவுண்டரில இருக்கிற பொடியன் என்னைப் பார்த்துச் சிரிச்சுப்போட்டான்."

"ஏன்?"

"'ஐயா, பெயர்ப் பட்டியல் கேட்டா நீங்கள் வலை இழுக்கிற பாட்டை எழுதிக்கொண்டு வந்திருக்கிறியள்' எண்டான். உரத்து வாசிச்சும் காட்டினவன். ஏ, ஏ, ஏ, ஓ, ஏ, ஏ. லைனில நிண்ட சனம் முழுக்கச் சிரிச்சது. திருத்திக்கொண்டு மூண்டு மணிக்குள்ள வரட்டாம்."

தாளை வாங்கிப் பார்த்தேன். பழைய அடையாள அட்டை இலக்கத்தின் கடைசியில் V இருக்கும். சிலருக்கு X. அத்தனை V உம் ஏயாக, இரண்டு X உம் ஓவாக வரிசையாக நின்றன. உண்மையில் பாட்டு மாதிரித்தான் இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. காது சுட்டது.

முதலாளி பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். "நான் அப்பவே சொன்னன் புள்ள. இந்த விளையாட்டையெல்லாம் அழிச்சிட்டு மத்தவங்க மாதிரி அடி."

"மத்தவங்கள் மாதிரி அடிச்சா, இவர் நாளைக்கும் இந்தக் கதிரையிலதான் இருப்பார். அழிக்கிறதெண்டா அழியுங்கோ. நான் வீட்ட போறன். நீங்களே இருந்து அடியுங்கோ."

"நான் அடிச்சா பெருநாளுக்குத்தான் முடியும்" என்று சொல்லிவிட்டு அவர் விலகிப் போனார்.

அவசரம் கண்ணை மறைத்தது. ஏ இருக்கும் இடமெல்லாம் V போடு என்று எடிட்டருக்கு ஒரே கட்டளை கொடுத்தேன். ஓவுக்கு X. ஒரு நொடியில் முடிந்தது. அச்சடித்து நீட்டினேன். இந்தமுறை அவர் அவசரப்படவில்லை. முதலாளியின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து மேலிருந்து வாசித்தார்.

"தங்கச்சி, 'வீனைய உறுப்பினர்கள்' எண்டு இருக்கு. இது ஆர், புது ஆக்களோ?"

'ஏனைய' என்பதில் இருந்த ஏயும் V ஆகியிருந்தது. கடிதத்தில் 'ஏற்கெனவே' இருந்த இடத்தில் 'Vற்கெனவே'. ஒரே மத்தியானத்தில் ஒரே எழுத்தில் இரண்டுதரம் விழுந்தேன்.

அப்போது மணி இரண்டரை. கீபோர்ட்டை விட்டுக் கையை எடுத்தேன். "நீங்கள் கொப்பியைப் பார்த்து வாசியுங்கோ, நான் திரையைப் பார்க்கிறன்" என்றேன். பன்னிரண்டு வருடத்தில் நான் அப்படிச் செய்ததே இல்லை. அவர் ஒவ்வொரு இலக்கமாக வாசித்தார். நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினான்காவது ஆளுக்கு அவருடைய கொப்பியிலேயே ஒரு இலக்கம் குறைந்திருந்தது. அந்த ஆளின் மனைவிக்குப் போன் எடுத்துக் கேட்டார். அவ அட்டையைத் தேடி எடுத்து வாசிக்கும் வரைக்கும் இரண்டு பேரும் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அது என் பிழை இல்லை. அதைச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. விட்டுவிட்டேன்.

V ஆகிப்போன சொற்களையும் திருத்திப் புதிதாக அச்சடித்துக் கொடுத்தேன். மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆட்டோவில் ஏறினார்.

நான் அடுத்த வேலையைத் தொடவில்லை. என் மாற்றங்கள் இருக்கும் கோப்பைத் திறந்தேன். அழிக்க அல்ல. பிழை அவற்றில் இல்லை. ஒரே விசைக்கு இரண்டு வேலை கொடுத்ததுதான் பிழை. இப்போது எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரிந்தால்தான் அந்த விசை சரியாக வேலை செய்யும். தெரியாத நேரத்தில்தான் நான் அதைத் தட்டுகிறேன். அதனால் பிரித்தேன். F7 எப்போதும் தமிழ். F8 எப்போதும் ஆங்கிலம். தமிழில் இருக்கும்போது F7ஐப் பத்துத்தரம் தட்டினாலும் தமிழ்தான். ஆங்கிலத்தில் திரை மஞ்சளாகும்படியும் செய்தேன். பார்க்காமல் அடிக்கிறவளின் கண்ணிலும் அது படும்.

முதலாளி மஞ்சள் திரையைப் பார்த்தார். "வேல செய்யுமா?"

"செய்யும்."

"எப்பிடித் தெரியும்?"

"நான் எழுதினது."

அதற்குப் பிறகு அழி என்று அவர் சொல்லவில்லை.

மூன்றரைக்கு வலைக்காரர் நடந்தே திரும்பி வந்தார். கையில் முத்திரை குத்திய பிரதி. மேசையில் வைத்துக் காட்டினார். முத்திரை ஒரு பக்கம் மங்கலாக விழுந்திருந்தது, ஆனால் விழுந்திருந்தது.

"எடுத்திட்டான். பாடு எங்களுக்குத்தான்."

"பிழை என்னிலதான் ஐயா" என்றேன். அதற்குமேல் சொல்ல எனக்கு வராது.

"ஓம், உன்னிலதான்" என்றார். அது எனக்குப் பிடித்திருந்தது. பிறகு குப்பைக் கூடையைக் காட்டினார். "அந்த முதல் தாளைத் தா தங்கச்சி. பொடியளுக்குக் காட்டோணும். நாளைக்கு இழுக்கேக்க அதைத்தான் பாடப் போறம்."

"தர ஏலாது. இருபத்தொரு பேரின்ர அடையாள இலக்கம் அதில இருக்கு."

கூடையிலிருந்து எடுத்து அவருக்கு முன்னாலேயே நான்காகக் கிழித்தேன். அவர் குறுக்கே வரவில்லை. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "பரவாயில்லை, எனக்குப் பாடமாயிட்டுது" என்றார். ஏ, ஏ, ஏ, ஓ என்று மெல்லச் சொல்லிக்கொண்டு பஸ் நிலையப் பக்கம் போனார்.