பிரேக் இல்லாத சைக்கிள்

பிள்ளைகளே, என் படிப்பு எட்டாவதோடு சரி. சிதம்பரத்தில் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன். காலையில் மகளை வண்டியில் பின்னால் உட்கார வைத்து, புவனகிரியில் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வேலைக்குப் போவேன். எங்கள் தெருவிலிருந்து மெயின் ரோட்டுக்கு வர, ஊரின் பெரிய தெருவைக் கடந்தாக வேண்டும். அதன் முனையில் ஒரு தண்ணீர் டேங்க். அது வந்ததும் என் கால் தானாகப் பிரேக்கை அழுத்திவிடும்.

ஒரு நாள் மகள் கேட்டாள். "ஏம்பா, இங்க வந்தா மட்டும் ஸ்லோ பண்ற?"

ரோடு சரியில்லை என்றேன். புது ரோடு, தார் வாசனைகூடப் போகவில்லை. அவள் சிரித்தாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

அந்த வருடம் கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஒரு டீச்சர் அவளுக்குச் சரித்திரம் எடுத்தார். தீண்டாமை, சம உரிமை பற்றிய பாடம் வந்தபோது, உங்கள் ஊரில் என்ன மாறியிருக்கிறது என்று வீட்டில் கேட்டு வந்து வகுப்பில் சொல்லுங்கள் என்றாராம். மகள் வந்து கேட்டதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. மதியம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் சிநேகிதி பெரிய தெருப் பெண். இவள் எழுந்து சொன்னால் அந்த இடம் காலியாகிவிடுமோ?

மறுநாள் டீச்சரைப் பார்த்து, என் பெண்ணை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. யாரையும் எழுப்பிக் கேட்க மாட்டேன் என்று உறுதி கொடுத்தார். பிறகு, "புக்ல படிச்சா எங்கயோ யாருக்கோ நடந்த மாதிரி இருக்குங்க. அவகிட்டயாவது சொல்லிடுங்க. கிளாஸ்ல சொல்றதும் சொல்லாததும் அவ இஷ்டம்" என்றார்.

அன்று சாயங்காலம் மகளிடம் சொன்னேன்.

அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் பெரிய தெருவில் சைக்கிளில் உட்கார்ந்து போகக் கூடாது. என் அப்பா டேங்க் பக்கத்தில் இறங்கி, தெரு முடியும்வரை தள்ளிக்கொண்டு போய், அப்புறம்தான் ஏறுவார். நான் பின்னால் நடப்பேன். என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒரு நாள் இறங்காமல் மிதித்தார்.

"என்னடா, எறங்காம போற?" என்று ஒருவர் அதட்டினார்.

"பிரேக் இல்லீங்க, நிறுத்த முடியல" என்று சொல்லிக்கொண்டே மாமா போய்விட்டார்.

அடுத்த நாளும் அதே பதில். ரிப்பேர் பண்ணவில்லையா என்று கேட்டால், கடையில் சாமான் வரவில்லை என்பார். டயரை பிளேடால் கிழித்தார்கள். ஒரு தடவை அடியும் விழுந்தது. அப்போதும் மாமாவின் சைக்கிளுக்குப் பிரேக் வரவேயில்லை. அவருக்குப் பின்னால் ஒவ்வொருவர் சைக்கிளிலும் பிரேக் போனது. கடைசியில் என் அப்பாவுடையதிலும். சட்டம் அதற்கு முன்பே இருந்தது. அதை எங்கள் ஊருக்குள் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தவர் மாமாதான்.

மகள் வகுப்பில் சொல்லிவிட்டாள். பிரேக் கதைக்கு எல்லோரும் சிரித்தார்களாம். டயரைக் கிழித்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லையாம். மதியம் சிநேகிதி டிபன் பாக்ஸோடு வந்து எப்போதும்போல் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க தெருவாடி அது?" என்று மட்டும் கேட்டிருக்கிறாள். ஆமாம் என்றாளாம் என் மகள். வீட்டில் கேட்கிறேன் என்றிருக்கிறாள் சிநேகிதி. அந்த டீச்சரை நினைத்தால் இன்றும் கை குவியும். அந்தச் சிநேகிதியை நினைத்தாலும்தான்.

மறுநாள் காலை டேங்க் வந்தது. பழக்கத்தில் என் கால் பிரேக்குக்குப் போனது. பின்னாலிருந்து மகள் என் தோளைத் தட்டினாள்.

"அப்பா, பிரேக் இல்ல."

காலை எடுத்துவிட்டேன்.