அம்மாவிடம் ஒப்பித்த ஜாமெட்ரி

நாலாவது பாரத்தில் அரைப் பரீட்சை முடிந்தபோது ஜாமெட்ரியில் நான் வாங்கிய மார்க்கை இங்கே சொல்லப் போவதில்லை. அப்பாவிடம் சொல்லிப் பட்டதே போதும். "வருஷப் பரீட்சையிலேயும் இப்படின்னா படிப்பே வேண்டாம். சித்தப்பாவோட மடைப்பள்ளிக்குப் போ" என்று தீர்த்துச் சொல்லிவிட்டார். ஸ்ரீரங்கத்தில் பிறந்தவனுக்குப் பெருமாள் தளிகை பண்ணக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். இல்லை என்று யார் சொன்னார்கள்? ஆனால் எனக்குக் கோயில் அடுப்புப் புகையில் சிவந்த சித்தப்பாவின் கண்களும் தீய்ந்த புறங்கையும்தான் ஞாபகம் வந்தன.

அந்தச் சமயம் பார்த்து அப்பாவுக்கு விழுப்புரத்துக்கு மாற்றல் வந்தது. ரயில்வேயில் குமாஸ்தா, போகச் சொன்னால் போக வேண்டியதுதான். அதுவரை மாலையில் என் பாடத்தைக் கேட்டவர் அவர்தான், பிரம்பும் கையுமாக. கிளம்பும்போது அம்மாவிடம், "தினம் ஒப்பிக்கச் சொல்லிக் கேளு" என்றார். எனக்கு உள்ளூரக் குதூகலம். பாடமெல்லாம் இங்கிலீஷில். அம்மாவுக்கோ தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். கேட்டு என்ன கிழிக்கப் போகிறாள்!

அம்மா புஸ்தகத்தைத் தொடவே இல்லை. அரிவாள்மணையைப் போட்டுக்கொண்டு வாழைத்தண்டு நறுக்க உட்கார்ந்தாள். "ஒரு தரம் பார்த்துப் படி. அப்புறம் மூடி வெச்சுட்டு ரெண்டு தரம் சொல்லு" என்றாள். அதற்குச் சந்தை சொல்வது என்று பெயர். அவள் பிறந்தகத்தில் பாசுரங்களை அப்படித்தான் பாடம் பண்ணுவார்கள். குரு ஒரு தரம் சொன்னால் பிள்ளைகள் இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வேண்டும். பிள்ளைகளோடு இவளை உட்கார விடவில்லை. அடுக்களையில் இருந்தபடி காதில் விழுந்ததை வைத்தே அத்தனையும் இவளுக்குப் பாடமாகிவிட்டதாம்.

இரண்டு முக்கோணங்கள் எப்போது சமம் என்று ஒரு தேற்றம். பார்த்து ஒழுங்காகத்தான் படித்தேன். மூடிவைத்துச் சொன்னபோது பாதியில் மறந்துவிட்டது. நானா அசருகிறவன்? இங்கிலீஷ் பாடத்தில் வந்த ஆட்டிடையன் கதையிலிருந்து நாலு வரியை நடுவே செருகி ஜோராக முடித்தேன்.

அம்மாவின் கை நின்றது. "முதல்லே அந்த இடத்திலே 'ஈக்வல்' மூணு தரம் வந்துதே. இப்ப ஒண்ணுதான் வந்தது. பாக்கி ரெண்டு எங்கேடா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவளுக்கு இங்கிலீஷ் தெரியுமோ? இத்தனை நாள் மறைத்து வைத்திருக்கிறாளோ? ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தேன். புதுப் பாடத்தைப் பார்த்துப் படிக்கும்போதே கஷ்டமான இடத்தை விழுங்கிவிட்டால் மூன்று தரமும் ஒரே மாதிரி இருக்குமே! இருந்தது. அம்மாவும் "சபாஷ்" என்றாள்.

அந்தச் சந்தோஷம் மறுநாள் வரைதான். பக்கத்து வீட்டுப் பையன் என் வகுப்பு. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர். தெருவே கேட்கும்படி கத்திப் படிப்பான், பாவி.

"அவன் சொல்றச்சே நடுவிலே இன்னும் கொஞ்சம் வரதே. உன்னோடதிலே ஏன் இல்லே?" என்றாள் அம்மா.

"அது வேற பாடம்மா."

"ஆரம்பமும் முடிவும் ஒண்ணாத்தான் இருக்கு. நடுவிலேதான் காணோம். புளுகாதே, எடு புஸ்தகத்தை."

அழுதுகொண்டே எடுத்தேன். அப்பாவின் பிரம்பே தேவலை என்று தோன்றியது. பிரம்பு நாலு அடியோடு போய்விடும். அம்மாவோ காணாமல் போன வார்த்தை வரும்வரை எழுந்திருக்க விடமாட்டாள். பங்குனி வரை ஒரு நாள் தப்பவில்லை.

வருஷப் பரீட்சையில் அந்த முக்கோணத் தேற்றமே வந்தது. இரண்டு 'ஈக்வல்' எழுதியதும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மடைப்பள்ளிப் புகை கண்ணில் வந்து எரிந்தது. அப்போதுதான், "மூணு தரம் வந்துதே" என்று அம்மா கேட்டது ஞாபகம் வந்தது. இன்னும் ஒன்று இருக்கிறது என்று தெரிந்ததுமே அதன் பின்னால் மற்றதெல்லாம் வரிசையாக வந்துவிட்டது.

ஐந்தாவது பாரத்துக்குப் போகிறவர்களின் பெயர்களை வாத்தியார் படித்தபோது என் பெயரும் இருந்தது. அப்பாடா! அன்றைக்கு விட்ட மூச்சைப் போல அப்புறம் ஒரு மூச்சு விட்டேனா என்பது சந்தேகம்தான். சித்திரை வெயிலில் வெறுங்காலோடு வீட்டுக்கு ஓடினேன். அம்மா கோயில் இருக்கும் திக்கைப் பார்த்துச் சேவித்தாள். என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "அப்பாவுக்கு இன்னிக்கே கார்டு போட்டுடு" என்றாள்.

கார்டை எழுதி முடித்து, அடுத்த வருஷம் நாலாவது பாரத்துக்கு வரப்போகிற ஒரு பையனிடம் தள்ளிவிட ஜாமெட்ரி புஸ்தகத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அம்மா வாசல் வரை வந்தாள்.

"ஏண்டா" என்று தயங்கினாள். பிறகு அந்தத் தேற்றத்தை முதலிலிருந்து கடைசிவரை கடகடவென்று சொன்னாள். ஒரு சொல் பிசகவில்லை. "இதிலே ஏபிசின்னு ஒருத்தர், டிஇஎஃப்னு ஒருத்தர் வராளே. கடைசியிலே ரெண்டு பேரும் சேர்ந்துடறா மாதிரி இருக்கு. அவா யாருடா?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "ஆளா! முக்கோணம்மா அது. நான்தான் பாஸ் பண்ணியாச்சே, இனிமே உனக்கு அது எதுக்கு?"

"அதுவும் சரிதான்" என்று தானும் சிரித்துவிட்டு உள்ளே போனாள். இரண்டு முக்கோணங்களும் என் கையிலிருந்த புஸ்தகத்தில்தான் இருந்தன. பிரித்துக் காட்ட ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. காட்டச் சொல்லித்தான் அவள் கேட்டாள் என்பது எனக்கு அன்று தெரியவில்லை.