உரக்கக் கூப்பிட்ட இரகசிய இலக்கம்

இரகசிய இலக்கம் காட்டும் ஒரு சிறு கருவியைப் பிறர் கையில் கொடுத்துவிட்டு, அதை அவர் தொலைக்காமலும் மற்றவருக்குக் காட்டாமலும் இருக்கிறாரா என்று கவலைப்படுவதற்குச் சம்பளம் தரும் தொழில் ஒன்று உண்டு. இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் பதுளையில் நான் அதைத்தான் செய்தேன். கருவிக்குப் பெயர் டோக்கன். தீப்பெட்டியில் பாதி இருக்கும். அதன் கண்ணாடியில் நிமிடத்துக்கொரு புதிய ஆறிலக்க எண் தோன்றும். கடவுச்சொல்லோடு அந்த எண்ணையும் கொடுத்தால்தான் கம்பனியின் கணினிக் கதவு திறக்கும். உங்கள் தலையிலும் யாராவது இப்படியொன்றைக் கட்டியிருந்தால், என் பாடு உங்களுக்குப் புரியும்.

சாவிப் பலகை

பசறைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெரிய கிளாக்கர், அதாவது தலைமை எழுத்தர், பரமசிவம். கொழுந்து எடையைத் தினமும் கணினியில் பதிவது அவர் பொறுப்பு. டோக்கனை அவரிடம் கொடுத்து, உடலை விட்டுப் பிரியக்கூடாது என்று சொல்லி வந்தேன். அடுத்த முறை போனபோது அது ஆபீஸ் சுவரில், சாவிப் பலகையில், ஸ்டோர் சாவிக்கும், காலையில் ஆட்களுக்குப் பேர் போடும் பெரட்டுக்களச் சாவிக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருந்தது.

சாவி என்ற சொல்லைப் போர்த்துக்கேயர் நமக்கு விட்டுப்போனார்கள். பூட்டு மட்டும் நம்முடையது. இதை அவருக்கு விளக்கிவிட்டு, டோக்கன் சாவி அல்ல, அது அவருடைய கையெழுத்து மாதிரி என்றேன். பொறுமையாகக் கேட்டார். "தோட்டத்துச் சாவி தோட்டத்துப் பலகையிலதாங்க தொங்கணும். என் சட்டைப் பையில கிடந்தா அது என் சாவி ஆயிரும்ல?"

ஓய்வு நாள்

ஆயுத பூசையன்று கொழும்பிலிருந்து அவசரமாக ஓர் அறிக்கை கேட்டார்கள். தோட்டத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. தொலைபேசியில் பரமசிவத்திடம் கேட்டேன். டோக்கன் பூசையில் இருக்கிறதாம். தராசு, தட்டச்சு யந்திரம், கவ்வாத்துக் கத்திகள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தபோது அதற்கும் வைத்துவிட்டார்கள். சாமி முன் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலைவரை தொடக்கூடாது. கொழும்பு காத்திருக்கிறது என்று குரலை உயர்த்தினேன். "தேயிலை வெட்டுற கத்தியே இன்னைக்கு சும்மா கிடக்கு, ஐயா. இது மட்டும் என்ன, துரை வீட்டுப் பிள்ளையா?"

நாலு பேர் காது

மூன்றாவது முறை போனபோது வாசலிலேயே நின்றுவிட்டேன். பரமசிவம் டோக்கனை உயர்த்திப் பிடித்து, கடவுச்சொல்லில் தொடங்கி ஆறு இலக்கங்களையும் கோயில் மணிபோல உரக்கக் கூப்பிட்டார். சின்னக் கிளாக்கர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லியபடி தட்டினார். ஜன்னலுக்கு வெளியே கூடையோடு நின்ற பெண்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, இதை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. சொன்னால் உங்கட வேலை போகும், குவார்ட்டர்ஸும் போகும்" என்றேன். அவர் என்னைக் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனார். தராசு நின்றதும் கணக்கப்பிள்ளை எடையைக் கூப்பிட்டார்; எழுதுபவர் திருப்பிச் சொன்னார்; கொழுந்துக்குச் சொந்தக்காரி தலையாட்டிய பிறகுதான் எழுதினார். ஒளித்தால்தான் களவு நடக்காது என்பது என் படிப்பு. ஒளிக்காவிட்டால்தான் நடக்காது என்பது அவர்களுடையது. "நாலு பேர் காதுல விழாத இலக்கம் கள்ள இலக்கங்க."

அரைப் பேர்

ஒரு மாதம் பல பெண்களின் எடை குறைந்து, முழு நாள் வேலைக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி மட்டும், விழுந்திருந்தது. ஆபீஸை வளைத்துக்கொண்டார்கள். பதிந்த எடைகளை யாரோ பின்னர் கணினியில் மாற்றியிருந்தார்கள். திறந்தது பரமசிவத்தின் டோக்கன். விசாரணைக்குக் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பொலிசுக்குக் கொடுப்பதா, வேலையிலிருந்து நீக்குவதா என்பதுதான் பேச்சு. பரமசிவம் "நான் செய்யலைங்க" என்றார். சுவரில் தொங்கும் டோக்கனை யாரும் எடுக்கலாம் என்று நான் சொன்னேன். அது பரமசிவத்தை விடுவிக்கப் போதவில்லை.

அப்போது செல்லம்மா என்ற கொழுந்துக்காரி எழுந்தாள். அரைப் பேர் விழுந்தவர்களில் அவளும் ஒருத்தி. எடை மாறிய நாளையும் நேரத்தையும் கேட்டாள். "அது கோயில்ல கொடியேத்துன அன்னைக்குங்க. மத்தியானம் நாங்கெல்லாம் தபால்ல வந்த காயிதம் வாங்க ஆபீஸ் வாசல்லதான் நின்னோம். ஐயா உள்ள இருந்தாரு. நம்பரு கூப்பிடவே இல்ல. கூப்பிடாம அவரு எதையும் தொறக்க மாட்டாரு. அது வேற ஆளுங்க!" பெண்கள் எல்லோரும் ஆமாம் என்றார்கள். கொழும்பு அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். மற்ற நாட்களில் இரகசிய எண்ணை இவர் சத்தம் போட்டுத்தான் சொல்வாரா என்று மெதுவாகக் கேட்டார். பரமசிவம் கண்ணை மூடிக்கொண்டார். அவரைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷம் செல்லம்மாவின் முகமெல்லாம் பொங்கியது. "தெனமும் கூப்பிடுவாருங்க! லயத்து வீடுங்க வரைக்கும் கேக்கும்!"

ஒப்படைப்பு

பெண்களுக்கு முழுப் பேர் திரும்பக் கிடைத்தது. எடையை மாற்றியவர் யாரென்று விசாரணை கடைசிவரை சொல்லவில்லை; தோட்டத்தின் உதவி மேலாளரான சின்ன துரைக்கு மட்டும் அப்புத்தளைப் பக்கம் மாற்றல் வந்தது, அங்கே குளிர் நல்லது. பரமசிவம் எடையை மாற்றவில்லை என்று தீர்ப்பாயிற்று. இரகசிய எண்ணை வெளியிட்டதற்காக வேலை போயிற்று.

வீட்டுச் சாமான்களை லொறியில் ஏற்றிவிட்டு, டோக்கனை ஒப்படைக்கப் பதுளைக்கு வந்தார். நான் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். அதைக் குடித்து முடித்தார். எழுந்தவர் வாசலில் நின்று திரும்பினார். "தோட்டத்துக்குப் போனா செல்லம்மாகிட்ட ஒண்ணு சொல்லுங்க, ஐயா. எனக்கு வயசாயிருச்சு, நானா ரிட்டயர் வாங்கிக்கிட்டுப் போயிட்டேன்னு சொல்லுங்க. அந்தப் புள்ள வேற மாதிரி நெனச்சா அதுக்குச் சோறு எறங்காது."

குற்றமற்றவர் என்பதற்கான சாட்சியையே குற்றமாக எடுத்துக்கொள்ளும் அளவுக்கு எங்கள் பாதுகாப்பு முறை வலுவானது என்பதை, இந்தத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் நான் உறுதிப்படுத்துகிறேன்.