சட்டையில் சாய்ந்த பிள்ளையார்

போன வாரம் சதுர்த்தியன்று எங்கள் வீட்டில் ஒரு புதுச் சட்டை தப்பிப் பிழைத்தது. ஏறக்குறைய...

சட்டை என் தம்பியுடையது. வரும் ஞாயிறு சதுரங்கப்பட்டினத்தில் அவனுக்கு நிச்சயதார்த்தம். கை நீளத்தைக் குறைக்க, செங்கல்பட்டில் எங்கள் டெய்லரிடம் கொடுத்திருந்தான். நான் வாங்கி வந்து பீரோவில் வைத்தேன். சந்தன நிறம்.

காலையில் பிள்ளையார் வாங்கக் கிளம்பினால், என் கணவர் அதைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்.

"சும்மா போட்டுப் பாத்தேன். நல்லா கீதுல்ல?"

"கழட்டிட்டு வாங்க."

"வந்து கழட்டிடறேன்."

அச்சிலிருந்து அப்போதுதான் எடுத்த ஈரக் களிமண் பிள்ளையார். ஸ்கூட்டியை நான் ஓட்ட, பலகையோடு அவரை மடியில் வைத்தபடி கணவர் பின்னால். வழியில் ஒரு ஸ்பீடு பிரேக்கர். பிள்ளையாரின் தொந்தி கணவரின் தொந்தியில் சாய்ந்தது. பிள்ளையாருக்கு ஒன்றும் ஆகவில்லை.

"மத்தியானம் சட்டைய எடுக்க வரேன்னான்" என்றேன், வீட்டுக்கு வந்ததும்.

"போச்சு. மாமா என் நிச்சயதார்த்தச் சட்டைய சுட்டுட்டாருன்னு பொண்ணு வூட்டு வரைக்கும் சொல்லுவான். ஆயுசுக்கும் வுட மாட்டான்." கர்சீப்பை நனைத்துத் தேய்க்கப் போனார். கையைப் பிடித்தேன்.

லேபில் வேலை பார்ப்பவள் நான். வீட்டிலும் நம்பர் போட்டுத்தான் பேசுவேன். ஒன்று – ஈரத்தில் தேய்க்கக் கூடாது. களிமண் மாவைவிட நைசு. தேய்த்தால் நூலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு – நன்றாகக் காய விட வேண்டும். மூன்று – உதிர்த்துவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தட்டி எடுக்க வேண்டும். நான்கு – அதற்குப் பிறகுதான் தண்ணீரும் சோப்பும்.

இரண்டிலேயே மாட்டிக்கொண்டோம். சட்டை ஃபேனுக்கு அடியில் காய்ந்ததும் காயாததுமாக இருக்கும்போதே தம்பி வந்துவிட்டான்.

"இன்னா மாமா இது, என் சட்டையில?"

கணவர் பிள்ளையாரைப் பார்த்தார். பதில் சொன்னது மாமியார். மதுராந்தகத்துக்காரர், எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார்.

"புதுத் துணின்னா ஓரத்துல மஞ்ச வெச்சித்தான போடுவோம்? உனுக்குப் புள்ளையாரே வெச்சிட்டாரு. குடுத்து வெச்சவன்பா நீ. வா, கொழுக்கட்ட துன்னு."

தம்பி அந்த மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? அவன் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் மண் காய்ந்துவிட, மூன்றையும் நான்கையும் முடித்து, ஈரம் போக இஸ்திரியும் போட்டேன். கறை இருந்த இடம் எனக்கே தெரியவில்லை. பெருமையாகக் கொண்டுவந்து விரித்தேன்.

தம்பியின் முகம் வாடிவிட்டது. "புள்ளையாரு எங்கக்கா?"

"துவைச்சிட்டேன்."

"அத்தப் போயி துவைப்பியா நீ?" கொஞ்சம் யோசித்தான். "ஆமா... சட்டை பீரோல இருந்துச்சு. புள்ளையாரு பூஜையில கீறாரு. எப்டி பட்டுச்சு?"

கணவர் மூன்றாவது முறையாகக் கை கழுவப் போனார்.

"கேள்வி கேட்டுகினு நிக்கிற. இங்க குடு" என்றார் மாமியார். குழைத்த மஞ்சளைக் கட்டைவிரலில் அள்ளி, அதே இடத்தில் ஓர் அழுத்து அழுத்தினார். "இது போவாது. போட்டுகினு போ."

தம்பிக்கு முகம் மலர்ந்தது. சட்டையை மடித்துக்கொண்டு கிளம்பிவிட்டான். கணவர் மறுபடி மூச்சுவிட ஆரம்பித்தார்.

மஞ்சள் கறையை எடுக்கவும் எனக்கு ஒரு வழி தெரியும். கேட்காதீர்கள், ஞாயிறு வரை சொல்ல மாட்டேன்.