உறையாத எலுமிச்சை

வடிதட்டில் சரித்த அரிசி நூடுல்ஸின்மேல், காய்ச்சி ஆறவைத்த நீரைக் குவளை குவளையாக ஊற்றி அலசுகிறார். இழைகளை விரலால் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறார். எங்கேனும் வெம்மை ஒட்டியிருந்தால் மீண்டும் ஒரு குவளை. கதிரவன் எழுவதற்குள் அடுப்பை அணைத்துவிடவேண்டும் என்பது இவ்வேனிலில் அவர் மேற்கொண்டிருக்கும் நோன்பு. அடுத்த அறையில் துயிலும் தமக்கையார் விழிப்பதற்குள் சமையலின் வாடை சாளரம் வழியே வெளியேறிவிட வேண்டும்.

சாயத் தொழிற்சாலை ஒன்றில் கொதிகலனைக் காப்பது அவர் தொழில். பகலெல்லாம் அனலோடு வாழ்பவர் உண்பதோ, வெள்ளரிக்காயை நூலாக அரிந்து, நல்லெண்ணெயும் சோயா சாறும் தெளித்த குளிர்ந்த நூடுல்ஸ். அதனால் தோழர்கள் அவருக்கு இட்ட பெயர் ‘ஐஸ்பெட்டி’.

“என்ன ஐஸ்பெட்டி, இன்னைக்கும் மண்புழுவா?”

“உன் டப்பாவைத் திறந்தா ஆவி அடிக்குது. அதுக்கும் ஒரு பிரஷர் மீட்டர் மாட்டிவிடட்டுமா?”

இவ்வளவே அவர் பேச்சு. பிறகு தலையைக் குனிந்துகொண்டு உண்பார்.

எதையும் உள்ளங்கையால் தொட்டுப் பார்க்கமாட்டார், புறங்கைதான். உப்புப் பார்ப்பதும் புறங்கையில் ஒரு சொட்டு விட்டே. வீட்டுக் குளிர்பெட்டிக்குள் வெப்பமானி ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார். வேலைக்குப் புறப்படும்போது ஒருமுறை, திரும்பியதும் செருப்பைக் கழற்றாமலே ஒருமுறை அதைப் பார்த்தாகவேண்டும்.

“கட்டுன பொண்டாட்டிய இப்படி ஒரு நாளாவது பாத்திருக்கீங்களா?” என்பார் மனைவி.

“உனக்குள்ள மீட்டர் இல்லையே.”

“இருந்திருந்தா இந்நேரம் வெடிச்சிருக்கும்.”

தமக்கையார் மருத்துவமனைக்கு அருகில் இருக்கவேண்டும் என்று வந்தவர். தொலைபேசி நிலையத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். குரலில் அந்த மிடுக்கு இன்னும் குறையவில்லை. உடல்தான் குறைந்துகொண்டே வருகிறது. மருந்தின் கடுமையால் தாளிக்கும் மணமும் சோற்றின் ஆவியும் அவருக்குக் குமட்டலாகிவிட்டன. எடை இன்னும் இறங்கினால் அடுத்த சிகிச்சையைத் தள்ளிப்போடவேண்டிவரும் என்றும், உண்பது எதுவும் தூய்மையாக இருக்கவேண்டும் என்றும் மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

அதன்பின்தான் கொதிகலன்காரர் குளிர்ச்சியைக் கற்கத் தொடங்கினார். அரிசிமாவில் செய்த மெல்லிய தாளில் கேரட்டும் அவித்த முட்டையும் வைத்துச் சுருட்டினார். தேங்காய்ப்பாலில் கடற்பாசியைக் கரைத்துக் கட்டியாக உறையவைத்தார். தமக்கையார் ஒவ்வொன்றிலும் இரண்டு வாய் உண்டு, தட்டை மெல்ல நகர்த்துவார். “நல்லாத்தான்டா இருக்கு. வச்சிடு.” தம்பி இவ்வுலகில் மிகவும் அஞ்சுவது இச்சொற்களுக்குத்தான்.

சென்ற வெள்ளியன்று, எவரும் கேளாமலே தமக்கையார் வாய்திறந்தார். “தம்பி, புளிப்பா, ஜில்லுன்னு ஏதாவது செய்யேன். எலுமிச்சம்பழத்துல, அந்தத் தளதளன்னு ஆடுமே, அது.”

நோயுற்றபின் அவராக ஒன்றை விரும்பிக் கேட்டது அதுவே முதன்முறை. மறுநாள் விடியலில் தம்பி அடுப்பின்முன் நின்ற நிலை, கருவறை வாயிலில் நிற்பவரின் நிலை. கடற்பாசி கரைந்ததும், பிழிந்து வைத்திருந்த சாறு முழுவதையும் அதே பாத்திரத்தில் கவிழ்த்துத் தளதளவெனக் கொதிக்கவிட்டார்.

“ஏங்க, இறக்கி வச்ச பிறகுதானே சாறு விடுவாங்க?”

“அக்காவுக்குப் பச்சையா எதுவும் ஆகாது. கொதிக்காததை நான் நம்பமாட்டேன்.”

வாழ்நாளெல்லாம் கொதிநிலையை நம்பிப் பிழைத்தவரின் பிழை அது. புளிப்போடு சேர்ந்து கொதித்தால் கடற்பாசி தன் பிடியை இழந்துவிடும் என்பதை அவர் அறிந்திலர். மூன்று கிண்ணங்களில் வார்த்துக் குளிரவைத்துவிட்டு வேலைக்குச் சென்றார். மாலையில் வந்து ஒன்றைச் சாய்த்தார், நீராக ஓடியது. உள்ளே வைத்தார். சற்றுப் பொறுத்து மீண்டும் எடுத்தார்.

“முறைச்சுப் பாத்தா பயந்து உறைஞ்சிடுமா?” என்றார் மனைவி. கணவரின் முகத்தைக் கண்டதும் மூன்று கிண்ணங்களையும் எடுத்து மேடையில் வைத்தார்.

கொதிகலன்காரர் முதற்கிண்ணத்தைக் கழுவுதொட்டியின் மேல் சாய்க்கப் போனபோது, வாயிலில் சுவரைப் பிடித்தபடி தமக்கையார் நின்றிருந்தார்.

“டேய், எங்க ஊத்துற?”

“உறையலக்கா. கெட்டுப்போச்சு.”

“கெட்டதா, உறையாததா? ஒன்னைச் சொல்லு.”

“உறையல.”

“அப்ப குடு இங்க. நான் என்ன கத்தி வச்சு வெட்டியா திங்கப்போறேன்?”

நாற்காலியில் அமர்ந்து, கிண்ணத்தை இரு கைகளாலும் ஏந்தி ஒரு மிடறு பருகினார். கண்களை இறுக மூடித் திறந்தார். மறு மிடறு. கணவனும் மனைவியும் அசையவில்லை. “நல்லாத்தான்டா இருக்கு” என்றார் தமக்கையார். தம்பி, கிண்ணத்தைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார். அவரோ அதை விடாமல் அண்ணாந்து குடித்து முடித்துப் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னும் இருக்கா?”

“என்னோடது இருக்கு அண்ணி” என்று மனைவி தம் கிண்ணத்தை ஊற்றினார். கொதிகலன்காரர் தமக்குரிய கிண்ணத்தையும் எடுத்து, தமக்கையாரின் கிண்ணத்தின் மேல் கவிழ்த்துப் பிடித்து, அதன் அடியைச் சுண்டிச் சுண்டிக் கடைசிச் சொட்டு இறங்கும்வரை நின்றார்.