சித்திரையில் விளைந்த முகம்

ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சை முடிந்த சித்திரையில் என் முகத்தில் பரு வந்தது. பரீட்சையில் வாங்கியதைவிட முகத்தில் வாங்கியதே அதிகம். உத்திரமேரூர்ப் பக்கத்து வெயிலில் ஏரியே வறண்டு வெடித்துக் கிடந்தபோது, என் தோல் மட்டும் எண்ணெயும் வியர்வையுமாகச் செழித்து, நெற்றி, கன்னம், முதுகு என்று ஓரிடத்தைக்கூடத் தரிசாக விடாமல் விளைந்தது. தோழர்கள் ‘பலாப்பழம்’ என்று பெயர் வைத்தார்கள். இனி காலமெல்லாம் இப்படித்தான் என்று முடிவுகட்டி, வெளியே தலைகாட்டாமல், சிமெண்ட் ஷீட்டுக் கூரையின் கீழே சட்டையில்லாமல் குப்புறக் கிடந்தேன்.

அப்படிக் கிடந்த ஒரு மத்தியானம் எதிர்வீட்டுப் பெரியம்மா தயிருக்கு உறை கேட்டு வந்தார். என் முதுகைப் பார்த்ததும் செருப்பை உதறிவிட்டுக் கும்பிட்டார்.

“புள்ளைக்கு அம்மா வார்த்துக்கீது. நீ இன்னாடி சும்மா குந்திக்கினு கீற?” என்று என் அம்மாவைக் கடிந்துகொண்டார்.

அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அந்தக் கூரையின் கீழ் அந்த நேரத்தில் அம்மிக்கல்லைத் தொட்டாலும் ஜுரம் அடிக்கும். அது வெறும் பரு என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் யோசித்துப் பார்த்தேன்: பரு என்றால் கேலி, அம்மை என்றால் கும்பிடு. வாயை மூடிக்கொண்டேன்.

அரைமணியில் வாசலில் வேப்பிலை ஏறியது. வீட்டில் தாளிப்பு நின்றது. எனக்கு வேப்பிலைப் படுக்கை, இளநீர், கேழ்வரகுக் கூழ். அம்மா ஆடியில் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டார்.

வீட்டில் ஒருவருக்கு மட்டும் முகம் வாடியது. அது நைனா, என் அப்பா. அந்த வெள்ளிக்கிழமைதான் வாலாஜாபாத்திலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளை அரிசி மில்லில் லோடு வண்டி ஓட்டுபவர். கூலி வேலைக்குப் போகிற நைனாவுக்கு அதைவிடப் பெரிய இடம் தெரியாது. அக்கா பிளஸ் டூ முடித்து, காஞ்சிபுரத்தில் நர்சிங் சேர மனுப் போட்டிருந்தாள். கல்யாணம் கூடிவந்தால் காலேஜ் கிடையாது என்று நைனா சொல்லிவிட்டிருந்தார். இப்போது அம்மை வீட்டுக்கு யார் பெண் பார்க்க வருவார்கள்? முத்து இறங்கட்டும் என்று அவர்கள் சொல்லியனுப்பினார்கள்.

மறுநாள் கூழ் கொண்டுவந்த அக்கா, என் கன்னத்தருகே குனிந்து பார்த்தாள்.

“டேய், இது பருதானே?”

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

“பத்து நாளைக்கு எய்ந்திரிச்சே, காலை ஒடிச்சுடுவேன்.”

பிறகு அடுப்படிக்குப் போய், எனக்கு மார்பிலும் முத்துப் போட்டிருப்பதாக அம்மாவிடம் சொன்னாள். என் மானத்தைக் காப்பாற்ற இப்படி ஒரு அக்காவா என்று நெகிழ்ந்துபோனேன்.

முத்து இறங்கிவிட்டதென்று, வேப்பிலை போட்டு மூன்று தண்ணீர் ஊற்றி எழுப்பினார்கள். அதற்குள் மாப்பிள்ளை வீட்டில் ஒரு சாவு. பிறகு ஆடி வந்துவிட்டது. பெண் பார்ப்பது தள்ளிக்கொண்டே போனது. அக்கா காலேஜில் சேர்ந்தாள். விடிந்ததும் தலையை இறுக்கிப் பின்னிக்கொண்டு காஞ்சிபுரம் பஸ்ஸுக்கு ஓடுவாள். சாயங்காலம் வந்து என் கையைப் பிடித்து நாடி பார்ப்பாள். நான் செத்து அரைமணி ஆகிவிட்டதாக ஒருநாள் அறிவித்தாள்.

ஐப்பசி மழை பிடித்தது. வியர்வை நின்றது, எண்ணெய் வற்றியது. என் முகம் துடைத்துவிட்டாற்போல் ஆனது. மழை இன்னும் வலுப்பதற்குள் வந்துவிடுகிறோம் என்று வாலாஜாபாத்திலிருந்து தகவல் வந்தது. அவர்கள் வருகிற அன்று அக்கா காலேஜுக்குப் போகவில்லை. அம்மாவின் பட்டுப்புடவையில், தலை நிறையப் பூவோடு இருந்தாள். கண்ணாடி முன்னால் நின்று அழகு பார்த்துக்கொண்டிருந்த என்னை மோவாயைப் பிடித்துத் திருப்பினாள். இந்தக் கன்னம், அந்தக் கன்னம், நெற்றி என்று விரலால் தடவித் தேடினாள்.

“ஒண்ணுகூட இல்லியாடா?”

“மழைக்கு அடங்கிடுச்சுக்கா. இனிமே சித்திரைலதான் வரும்,” என்றேன் பெருமையாக.

“சித்திரைக்கா,” என்றாள். கையை எடுக்கவில்லை. வெளியே ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

என் அழகைப் பார்த்து அவளுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். அவள் கையை விலக்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் பவுடர் பூசிக்கொண்டு, வந்தவர்களுக்குக் குடை பிடிக்க ஓடினேன்.